காலி வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

பட்டறைத் திண்ணை: வாசகர் கேள்வி – பதில்

ஒன்பது வருஷம் லாரி ஓட்டினேன். அப்புறம் சங்ககிரியில் இருபத்திரண்டு வருஷம் கமான் பட்டறை வைத்திருந்தேன் (கமான் என்றால் வண்டிக்கு அடியில் வில் மாதிரி வளைந்திருக்கும் பட்டை ஸ்பிரிங்). இரண்டு வேலையிலும் அதிகம் காதில் விழுந்த புகார் ஒன்றுதான்: "பின்பக்கம் தூக்கிப் போடுதுங்க." இந்த மாதக் கடிதங்களிலும் பாதிக்கு மேல் அதே பாட்டு. அதனால் கிளட்ச் கேள்விகளையும் மைலேஜ் கேள்விகளையும் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். சிலர் முதலாளியைப் பற்றியும் நாலு வரி எழுதியிருப்பதால் ஊர்ப் பெயரை மட்டும் போடுகிறேன்.

ஒன்றரை டன் பிக்கப்பில் 800 அட்டை முட்டை ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று நடை பாலக்காடு போகிறேன். போகும்போது வண்டி தொட்டில் மாதிரி போகிறது. காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டு இடுப்பு கழன்றுவிடுகிறது. பைக்கில் பின் ஷாக்கில் ஒரு வளையம் இருக்கிறதே, அதைத் திருப்பினால் மெதுவாகிறது. வேனில் அந்த வளையம் எங்கே இருக்கிறது?
– பரமத்தி வேலூர்

தம்பி, வேனில் அந்த வளையம் இல்லை. பைக்கில் நீங்கள் திருப்புவதும் ஷாக்கை அல்ல. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் பின்னால் ஐந்து படி வைத்த வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் வெளியே சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் அடி கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாயை அது தொடுவதே இல்லை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று தோன்றிவிடுகிறது. உங்கள் வேனில் இரண்டும் தனித்தனி. எடையைத் தாங்குவது கமான் பட்டை. ஷாக் எடையைத் தாங்காது. பட்டை ஆடும் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் மெல்ல நடந்தால் தண்ணீர் வழி விடும். ஓடிப் பாருங்கள், மறிக்கும். ஷாக்குக்குள் நடப்பதும் இதுதான். பிஸ்டனில் பொடிப்பொடித் துளைகள் உண்டு. மெல்ல அசைந்தால் எண்ணெய் அதன் வழியே போய்விடும். வேகமாக அசைந்தால் நெருக்கியடித்துக்கொண்டு போகும், சூடாகும். வண்டியின் ஆட்டம் அந்தச் சூடாக மாறித்தான் காற்றில் கலக்கிறது. பட்டை அழுந்தும்போது குறைவாகவும் விரியும்போது அதிகமாகவும் பிடிக்கிற மாதிரி வால்வு வைத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. 800 அட்டை ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டைக்கு 30 என்றால் 24,000 முட்டை. ஒரு முட்டை 55 கிராம் என்று வைத்தாலும் 1,320 கிலோ ஆகிவிட்டது, அட்டை எடை தனி. இதில் பெரும்பங்கு பின் ஆக்சிலில்தான் உட்காருகிறது. இந்த எடையைத் தாங்கக் கட்டிய பட்டையின் மேல் திரும்பும்போது வெறும் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆறு பேர் உட்கார வேண்டிய கட்டிலில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் கட்டில் வளையுமா? பள்ளத்தில் டயர் விழுந்தால் பட்டை வளைவதற்குப் பதிலாக வண்டியே மேலே வருகிறது. போகும்போது தொட்டில் மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அப்படியென்றால் பட்டையும் ஷாக்கும் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கின்றன. காலி பிக்கப் கொஞ்சம் உதைக்கத்தான் செய்யும். அதைக் காராக மாற்ற முடியாது.

ஆனால் கொஞ்சத்துக்கு மேல் உதைத்தால் காரணம் தேடலாம். பட்டறைக்குப் போகும் முன் காற்றைப் பாருங்கள். மைலேஜ் கிடைக்கும் என்று கம்பெனி சொன்னதற்கு மேல் ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு ஏற்றி வைக்கும் வழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், ரோட்டை முதலில் தொடுவதும் அதுதான். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சில வண்டிகளுக்குக் காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். காலிக்குக் குறைத்தால் அடுத்த லோடு ஏற்றும் முன் மறுபடி பிடித்தே ஆகணும். குறைந்த காற்றோடு லோடு இழுத்தால் டயர் சூடாகிக் கிழியும். நீங்கள் மறதிக்காரர் என்றால் லோடு காற்றையே வைத்துக்கொண்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஷேக்கிள், பட்டையின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கிற இணைப்பு. இதை யாரும் பார்ப்பதில்லை, நான் பார்த்த வண்டிகளில் பாதி வியாதி இங்கேதான் இருந்தது. பட்டை வளைந்து இருக்கிறதல்லவா, அழுந்தும்போது நிமிரும், நிமிரும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் ஷேக்கிள் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. ஷேக்கிளைக் கோத்திருக்கும் பின் (ஊசிக் கம்பி) துருப்பிடித்து இறுகிவிட்டால் பட்டைக்கு நீள இடமில்லை, கட்டை மாதிரி நிற்கும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். ரப்பர் புஷ் (உள்ளே செருகிய ரப்பர் வளையம்) என்றால் கிரீஸ் வேண்டாம், ரப்பர் கெட்டுப்போகும். பிய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

புஷ் மாற்றுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை முழுசாக முறுக்கக் கூடாது. எடை டயரில் இறங்கின பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கலில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். வண்டியை இறக்கினதும் முறுக்கேறி, சீக்கிரமே கிழியும். ஷாக்கின் முனைக் கண்ணில் (போல்ட் போகும் வளையத்தில்) உள்ள புஷ்ஷுக்கும் இதே கதைதான்.

கடைசியில் ஷாக். கல்லில் ஏறினதும் ஒரே உதை, உடனே அடங்கிவிடுகிறது என்றால் அது பட்டையும் காற்றும் செய்யும் வேலை. வேகத்தடை தாண்டின பிறகும் இரண்டு மூன்று தரம் ஊஞ்சலாடுகிறது என்றால் ஷாக் செத்திருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்து உதையா ஊஞ்சலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் காலத்தில் காலியாகத் திரும்பும்போது நாலு மூட்டை மணலை ஆக்சிலுக்கு நேர் மேலே போட்டுக் கட்டிக்கொண்டு வருவோம். டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், இடுப்பு தப்பும். மூட்டையைக் கயிறு போட்டுக் கட்ட மறக்காதீர்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் பிக்கப் வைத்திருக்கிறேன். ஒன்று முதல் ஒன்பது வரை குமிழ் திருப்புகிற ராஞ்சோ ஷாக் வாங்கிப் பின்னால் மாட்டினேன். ஒன்பதில் வைத்தேன், ரொம்ப மோசம். கடைக்காரர் "செட்டிங் பண்ணிக்கோங்க" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.
– ஏற்காடு

ஒன்பது என்றால் உசத்தி என்று நினைத்துவிட்டீர்கள். ஒன்று மிக மெது, ஒன்பது மிக இறுக்கம். இதில் நல்லது கெட்டது என்று எண் கிடையாது. காலி வண்டியை ஒன்பதில் ஓட்டினால் பட்டை செய்ய நினைக்கும் கொஞ்சநஞ்ச வேலையையும் ஷாக் செய்ய விடாது. ஒவ்வொரு கூழாங்கல்லும் நேராக உங்கள் முதுகுத் தண்டுக்கு வரும்.

செட்டிங் என்பது ஒரு சாயங்கால வேலை. முதலில் ஒரு ரோட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வேகத்தடை, கொஞ்சம் பொத்தல் ரோடு, ஒரு வளைவு இருந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் அதே ரோடு, அதே வேகம், அதே எடை. ஒரு நாள் காலியாகவும் மறுநாள் உரமூட்டையோடும் ஓட்டிவிட்டு எண்ணை ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. பத்து கிலோமீட்டர் ஓட்டின பிறகு தொடங்குங்கள். ஏற்காட்டுக் குளிரில் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், உங்களை ஏமாற்றும்.

காலி வண்டியில் இரண்டு பக்கமும் ஒன்றில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண். ஓட்டுங்கள். வேகத்தடை தாண்டினதும் பின்பக்கம் எழும்பி, இறங்கி, நிற்க வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் இரண்டு படி ஏற்றுங்கள். ஒவ்வொரு படியாக ஏற்றினால் வித்தியாசம் இடுப்புக்குத் தெரியாது. ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி, ஒரு படி குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடவில்லை என்றால் அதுதான் உங்கள் காலி எண். எஸ்டேட் பில் புக்கின் பின்னட்டையிலாவது எழுதி வையுங்கள். லோடு ஏற்றி இதையே மறுபடி செய்தால் இன்னொரு எண் கிடைக்கும், அது இதைவிடப் பெரிதாக இருக்கும். எடை கூடினால் ஆட்டத்தை அடக்கப் பிடியும் கூட வேண்டும்.

அதிகமாக இறுக்கிவிட்டதற்கு இன்னொரு அடையாளம் உண்டு. வரிவரியாக மேடு வருகிற ரோட்டில் முதல் இரண்டு மேடு பரவாயில்லை, நாலாவது ஐந்தாவது மேட்டில் கட்டை மாதிரி இடிக்கிறது என்றால், பட்டை ஒவ்வொரு தடவையும் அழுந்தி, மீண்டு வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது என்று அர்த்தம். ஷாக் அதை விரிய விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வண்டியின் பின்பக்கம் படிப்படியாகக் கீழே உட்கார்ந்து, கடைசியில் பம்ப் ரப்பரில் (இடியைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர் கட்டையில்) இடிக்கும். நிறையப் பேர் இதைப் பார்த்து "ஷாக் பத்தவில்லை" என்று இன்னும் இறுக்குவார்கள். குறைக்க வேண்டிய இடம் அது.

கோனி கம்பெனியின் பழைய மாதிரி ஷாக் வைத்திருப்பவர்கள் வெளியே குமிழைத் தேடாதீர்கள். வண்டியிலிருந்து கழற்றி, நிமிர்த்தி வைத்து, முழுசாக அமுக்கி, உள்ளே பல் கவ்வுகிற வரை மெல்லத் திருப்ப வேண்டும். அது விரியும் பக்கப் பிடியை மாற்றும். எத்தனை சுற்று திருப்பினோம் என்று எண்ணி இரண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள். முடிவில் தட்டினால் நிறுத்திவிட வேண்டும். வம்பாக முறுக்கினால் உள்ளே இருப்பது உடையும்.

ராசிபுரத்தில் பழைய வேன் ஒன்று வாங்கினேன். பின் ஷாக்கில் ஒன்று ஆக்சிலுக்கு முன்னால் சாய்ந்திருக்கிறது, இன்னொன்று பின்னால் சாய்ந்திருக்கிறது. ஆக்சிடென்ட் வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– ராசிபுரம்

இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டிகள் பலவற்றில் கம்பெனியிலேயே அப்படித்தான் வருகிறது. கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, பிரேக்கை அமுக்கினாலோ, பின் ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) தன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும். பட்டை அதை எஸ் வடிவத்தில் வளைந்து வாங்கும், அப்புறம் திருப்பி உதறும். காலி வண்டியை மேட்டில் எடுக்கும்போது பின் டயர் தடதடவென்று அடிப்பது இதனால்தான். ஒரு ஷாக் முன்னாலும் ஒரு ஷாக் பின்னாலும் இருந்தால் எந்தப் பக்கம் முறுக்கினாலும் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். "நேராக்கித் தருகிறேன்" என்று யாராவது கிளம்பினால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

போர்வெல் வண்டிக்குத் துணையாகக் குழாய் ஏற்றிப் போகும் லாரியில் வேலை செய்கிறேன். முன்னால் ஷாக் இருக்கிறது, பின்னால் இல்லவே இல்லை. கம்பெனி காசை மிச்சம் பிடித்துவிட்டதா? வெல்டிங் வைத்து இரண்டு மாட்டினால் மெதுவாகுமா?
– திருச்செங்கோடு

உங்கள் ஊர் ஆட்கள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகிறவர்கள். வடக்கே எந்த ரோட்டில் முதுகு உடைந்தது என்று எழுதியிருந்தால் நானும் பழைய ஞாபகத்தில் சேர்ந்து அழுதிருப்பேன்.

பின்னால் ஒரு பக்கம் எத்தனை பட்டை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். வண்டி ஆடும்போது இந்தப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசுகின்றன. அந்த உரசலே ஆட்டத்தைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் பழைய மாதிரிப் பட்டைக் கட்டு உள்ள வண்டிகளைப் பின்னால் ஷாக் இல்லாமலே ஓட்ட முடிகிறது. முன்னால் பட்டை குறைவு, ஸ்டீயரிங் அங்கே இருக்கிறது, டிரைவரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் ஷாக் கட்டாயம்.

இப்போது வருகிற வண்டிகளில் பாராபோலிக் பட்டை பார்த்திருப்பீர்கள். நடுவில் தடித்து முனையில் மெலிந்து, இரண்டோ மூன்றோதான் இருக்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். உரசல் இல்லாததால் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் மெதுவாக வளைந்து கொடுக்கும். ஆனால் தானாக அடங்காது, ஷாக் வேண்டும். காற்றுப் பை வைத்த சஸ்பென்ஷனுக்கும் அப்படித்தான். 2001-இல் வால்வோ பி7ஆர் பஸ் இங்கே வந்தபோது "காற்றிலே மிதக்கிறது" என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். அந்த மிதப்பை அடக்கக் காற்றுப் பைகளுக்குப் பக்கத்தில் ஷாக் நின்றுகொண்டிருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

உங்கள் லாரிக்கு வெல்டிங் வேண்டாம். சேஸிஸில், அதுவும் மேல் கீழ் ஓரத்தில், சூடு வைத்தால் அந்த இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். விரிசல் அங்கே தொடங்கும். அதற்குப் பதில் பட்டைக் கட்டைப் பிரித்துத் துரு தட்டி, பட்டைக்குப் பட்டை கிராபைட் கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பத்துப் பட்டை, ஒரே கனத்தடி இரும்பு மாதிரிதான் நடந்துகொள்ளும். வேஸ்ட் ஆயில் அடிப்பது நம் ஆட்களுக்குப் பரம்பரை வழக்கம். நானும் அடித்திருக்கிறேன். இரண்டு நாள் மெத்தென்று இருக்கும், அப்புறம் மண்ணைப் பிடித்து அரம் மாதிரி தேய்க்கும், பக்கத்து ரப்பரையும் தின்னும்.

கட்டைப் பிரித்து மாட்டினால், அதை ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் யு போல்ட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். முதல் லோடு போய் வந்ததும் மறுபடி ஒரு முறுக்கு. பட்டைகள் படிந்து போல்ட் தளர்ந்திருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து, ஹவுசிங் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி போகும்.

ஒரு பட்டையை எடுத்துவிட்டால் மெதுவாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தக்காளி லோடுதான், அதிக எடை இல்லை.
– ராயக்கோட்டை

தக்காளி, ராயக்கோட்டை இரண்டையும் ஒரே கடிதத்தில் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பட்டறை போட்டு மூன்றாவது வருஷம், உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் இதே வார்த்தையோடு வந்தார். பழம் நசுங்குகிறது, மெதுவாக்கிக் கொடுங்கள் என்றார். எனக்கும் வாடிக்கை பிடிக்கிற ஆசை. இரண்டு பக்கமும் மூன்றாவது பட்டையை உருவிவிட்டேன். அவர் ஒரு மாதம் புகழ்ந்தார். அப்புறம் சீசன் வந்தது, விலை ஏறியது, ஐம்பது கிரேட் (பழப்பெட்டி) கூடுதலாக ஏற்றினார். தொப்பூர் இறக்கத்தில் மெயின் பட்டை முறிந்தது. ஹவுசிங் ஒரு பக்கம் பின்னால் தள்ளி, வண்டி சுவரோரம் உரசி நின்றது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோடெல்லாம் தக்காளி. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. புதுக் கட்டு என் செலவில் போட்டுக் கொடுத்தேன்.

கட்டில் ஒவ்வொரு பட்டையும் மேலே இருப்பதற்கு முட்டுக் கொடுக்கிறது. ஒன்றை உருவினால் அதன் பங்கும் மற்றதன் தலையில் விழுகிறது. "அதிக எடை இல்லை" என்பது இன்றைய பேச்சு. சீசனில் உங்கள் கை நிற்காது, எனக்குத் தெரியும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதற்குப் பயந்தாவது கை நிற்கட்டும்.

இன்னொரு விஷயம், மெக்கானிக்குகளே மறந்துவிடுவது. பல பிக்கப் வண்டிகளில் பின் ஹவுசிங்கிலிருந்து ஒரு கம்பி மேலே போய் பிரேக் வால்வு ஒன்றில் மாட்டியிருக்கும். எல்எஸ்பிவி என்பார்கள். பெட்டிக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே உள்ள உயரத்தை வைத்துத்தான் அந்த வால்வு, வண்டியில் லோடு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்கிறது. பட்டையை எடுத்தால் வண்டி தணியும். காலியாக இருக்கும்போதே "லோடு இருக்கிறது" என்று வால்வு நம்பி, பின் பிரேக்குக்கு அழுத்தத்தை அதிகமாக அனுப்பும். மழையில் பிரேக் போட்டால் பின் டயர் பூட்டிக்கொண்டு வால் திரும்பும். மாறாக, பட்டையைச் சூடுபோட்டு வளைவை ஏற்றினால் வண்டி உயரும், நிறைந்த லோடிலும் பின் பிரேக் சோம்பலாக இருக்கும். அதோடு ஷாக்கின் நீளமும் பத்தாமல் போகும். ஷாக் முழுசாக நீண்டு தொங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் தன் கண்ணையே பிய்த்துக்கொள்ளும்.

தக்காளி நசுங்குகிறதென்றால் கிரேட்டை நிரம்பக் குவிக்காதீர்கள். ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் அதிகம் குதிக்கும். அங்கே காயை வையுங்கள், பழத்தை முன்னால் வையுங்கள்.

ஷாக் போய்விட்டதா என்று காரில் பானெட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். லோடு வண்டியில் எப்படிப் பார்ப்பது? லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே மாற்ற வேண்டுமா?
– ஓமலூர்

லோடு வண்டியை அமுக்கிப் பார்க்க பீமன் வேண்டும். அதற்குப் பதில் தொட்டுப் பாருங்கள். சுமாரான ரோட்டில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே போகும் முன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். உடனே ஷாக்கின் உடம்பை விரல் நுனியால் ஒரு தொடு தொடுங்கள். கையை மூடிப் பிடிக்க வேண்டாம், நன்றாக உழைத்த ஷாக் சுடும். பக்கத்துச் சேஸிஸைவிடச் சூடாக இருந்தால் அது வேலை செய்கிறது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஜில் என்றால் ஜில்லென்று இருப்பதுதான் வேலை செய்யவில்லை. ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் அதன் வேலை என்று மேலே சொன்னேனே, வேலை செய்யாதவனுக்கு எப்படி வியர்க்கும்?

பிசுக்கைப் பற்றி: தண்டில் மெல்லிய படலமும் அதில் ஒட்டின தூசியும் சகஜம். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மறுபடி ஈரமாகி, கோடாக வழிந்து, கீழே சொட்டினால் மாற்றுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக. டயரையும் உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருந்தால் டயர் ரோட்டை விட்டுக் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக் வெகுநாளாகவே செத்திருக்கும்.

பழைய ஷாக்கில் துளை போட்டுப் புது எண்ணெய் ஊற்றி அடைத்துத் தருகிறார்கள். விலை பாதிதான். வாங்கலாமா?
– எடப்பாடி

வேண்டாம். சில ஷாக்குகளில் எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவையும் அழுத்தி அடைத்திருப்பார்கள். துளை போடுகிறவர் முகத்துக்கு நேராக அது பீறிடும். துளை போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும், வாயு போன ஷாக்கில் எண்ணெய் நுரைத்துப் பத்து கிலோமீட்டரில் பிடியை விட்டுவிடும். உள்ளே தேய்ந்த வால்வும் சீலும் அப்படியேதான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பதினாலு வருஷமாக லாரி ஓட்டுகிறார். இப்போது காலையில் எழுந்தால் நிமிர முடியவில்லை. வண்டியில் எதை மாற்றச் சொல்ல வேண்டும்? அவர் கேட்க மாட்டார், நீங்கள் எழுதினால் படிப்பார்.
– குமாரபாளையம்

அம்மா, முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நிமிர முடியாத இடுப்புக்குப் பட்டறையில் மருந்தில்லை. கால் மரத்துப்போகிறதா, வலி கால் வரை இறங்குகிறதா என்று டாக்டர் கேட்பார். வீட்டுக்காரரை மறைக்காமல் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

ஐயா, இதைப் படிக்கிறீர்கள் இல்லையா? சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். பதினாலு வருஷத்தில் ஸ்பாஞ்ச் அப்பளமாகியிருக்கும். அதன் மேல் மூன்று தலையணை போட்டு உட்கார்ந்திருப்பீர்கள், அதனால் கால் பெடலுக்கு எட்டாமல் இடுப்பை நீட்டி நீட்டி மிதிப்பீர்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். தலையணையை எடுத்துவிட்டுக் கெட்டி ஸ்பாஞ்ச் புதுசாகப் போடுங்கள். ஒன்பது டன் வண்டியின் சஸ்பென்ஷனை மாற்றுவதைவிட எழுபது கிலோ ஆளின் சீட்டை மாற்றுவது மலிவு. கேபினுக்கு அடியில் உள்ள ரப்பர் மவுண்ட்களையும் பாருங்கள். பர்ஸைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்து டேஷ்போர்டில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி, டயரைத் தட்டிப் பார்க்கிற சாக்கிலாவது நடங்கள்.

புது ஷாக் வாங்கி வந்தேன். கையால் இழுத்தால் ஒரு பக்கம் சும்மா வருகிறது, பிடியே இல்லை. டூப்ளிகேட்டா?
– மல்லசமுத்திரம்

திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கடையில் மாதக்கணக்கில் படுக்க வைத்திருப்பார்கள். இரட்டைக் குழாய் ஷாக்கைப் படுக்க வைத்தால் காற்று எண்ணெய்ப் பக்கம் புகுந்துகொள்ளும். மாட்டுகிற வாக்கில் செங்குத்தாக நிறுத்தி, முழுசாக இழுத்து, முழுசாக அமுக்கி, ஐந்தாறு தரம் செய்யுங்கள். காற்று மேலே போய், சும்மா வருகிற அந்த இடத்தில் பிடி வந்துவிடும். அப்புறம் அதைச் சாய்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய் வண்டியில் மாட்டுங்கள். பத்து தரம் அடித்தும் பிடி வரவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.